எடை மாறவில்லை, தசை கரைந்தது: சிடி படத்தில் உடல் உட்கூறு அளந்த ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி

62 வயது சிங்கப்பூர்த் தமிழர். பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த நோய்க்கூறு அறிக்கை டி3 என்2, அதாவது மூன்றாம் நிலை. நிணநீர்க் கணுக்களில் பரவல் அதிகம் என்பதால் கேபாக்ஸ் கீமோ எட்டுச் சுற்று கொடுக்கப்பட்டது: மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் ஊசி, இரண்டு வாரம் கேப்சிடபின் மாத்திரை. உயரம் 168 செ.மீ. அறுவைக்கு முன் எடை 74.2 கிலோ, கீமோ முடிந்தபோது 73.6 கிலோ. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 26.3லிருந்து 26.1. இரு சிடி படங்களுக்கும் இடையே 240 நாள்.

இது ஒரு தனி மனிதரின் மருத்துவக் கோப்பு அன்று. நடைமுறையில் அடிக்கடி சேர்ந்து வரும் சிக்கல்களை ஒரே ஆளிடம் வைத்துப் பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு. இவருடைய அளவுகள் அப்படி அமைத்தவை. அளக்கும் முறையும் வரம்பு எண்களும் வாய்பாடுகளும் ஆய்வுலகில் புழக்கத்தில் உள்ளவை.

மருத்துவமனைக் குறிப்பில் எடை இழப்பு 0.8 விழுக்காடு. 2011இல் வெளியான பன்னாட்டு ஒருமித்த வரையறைப்படி, புற்றுநோய் உடல் நலிவு என்று சொல்ல ஆறு மாதத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்திருக்க வேண்டும். பிஎம்ஐ 20க்குக் கீழே இருந்தாலோ தசை ஏற்கெனவே குறைந்திருந்தாலோ 2 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் போதும். இவர் எந்தக் கட்டத்திலும் சிக்கமாட்டார். மனைவி தாதியிடம் சொன்னது வேறு: “எடை அப்படியேதான் இருக்கு. சாப்பிடவும் செய்றாரு. ஆனா பஸ் ஸ்டாப்புக்குப் போற மேம்பாலத்துல பாதியிலேயே நின்னுடுறாரு.” இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் படங்களை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. புதிதாகப் படம் எடுக்கவில்லை. நோயின் நிலை அறியவும் கண்காணிப்புக்காகவும் எடுத்த சிடி கையில் இருந்தது. தசையை அளப்பதற்கென்றே ஒருவருக்குக் கதிர்வீச்சு கொடுப்பது சரியன்று.

ஒரே ஒரு வெட்டுப்படம் ஏன் போதும்

மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில், சுருக்கமாக எல்3இல், ஒரு குறுக்குவெட்டில் தெரியும் தசைப் பரப்பு உடல் முழுவதிலும் உள்ள தசை அளவோடு நெருங்கி ஒத்துப்போகிறது. வயிற்றின் ஒற்றை வெட்டுப்படம் முழு உடலுக்கும் சாட்சி சொல்லும் என்று 2004இல் ஷென் குழு காட்டியது. 2008இல் மூர்ட்சாகிஸ் குழு புற்றுநோயாளிகளின் வழக்கமான சிடி படங்களிலிருந்தே அதைக் கணக்கிடும் வாய்பாட்டைத் தந்தது. எல்3இல் அளக்கும் தசைகள்: முள்ளெலும்பின் இருபுறமும் ஓடும் சோயாஸ், முதுகை நிமிர்த்தும் தசைகள், அவற்றுக்கு அருகே குவாட்ரேட்டஸ் லம்போரம், வயிற்றுச் சுவரின் மூன்று அடுக்குகள், வயிற்றின் முன்பக்க நடுவில் ரெக்டஸ். சோயாஸை மட்டும் அளந்து வேலையை முடிப்பவர்கள் உண்டு. விரைவாக முடியும், ஆனால் சிறிய தசை என்பதால் கோடு சற்றே விலகினாலும் பிழை பெரிதாகத் தெரியும். ஒருவரின் மாற்றத்தைக் காலப்போக்கில் பின்தொடர அதை நம்பக்கூடாது.

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் திசுவின் அடர்த்தியைச் சொல்லும் ஒரு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் உண்டு. நீர் 0, காற்று கழித்தல் 1000. தசைக்கு −29 முதல் +150 வரை. தோலடிக் கொழுப்புக்கும் தசையிடைக் கொழுப்புக்கும் −190 முதல் −30 வரை. உள்ளுறுப்புக் கொழுப்புக்கு −150 முதல் −50 வரை. உள்ளுறுப்புக்கு வரம்பைக் குறுக்கி வைத்திருப்பது குடலுக்குள் இருப்பதைக் கொழுப்பென்று எண்ணிவிடாமல் இருக்க. அப்படியும் மலம் சில நேரம் உள்ளே நுழைந்துவிடும், கையால் அழிக்க வேண்டும்.

தசைக்குரிய புள்ளிகளை எண்ணி, ஒரு புள்ளியின் பரப்பால் பெருக்கினால் சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். அதை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தசைக் குறியீடு. இவருடைய உயர வர்க்கம் 2.82. பழைய பதிவு ஒன்றில் அவரே சொன்ன உயரம் 171 செ.மீ. என்று இருந்தது. அதைப் போட்டிருந்தால் குறியீடு 3.5 விழுக்காடு குறைந்து வந்திருக்கும். வயதானவர்களின் உயரத்தை அடையாள அட்டைக் காலத்து நினைவிலிருந்து எடுக்காதீர்கள். காலணியைக் கழற்றச் சொல்லி அளந்துவிடுங்கள்.

முதல் படம்

அறுவைக்கு முந்தைய சிடி, மார்பிலிருந்து இடுப்புக்கூடு வரை. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி, அது கல்லீரலுக்குள் செல்லும் சிரையை எட்டும் போர்ட்டல் சிரைக் கட்டத்தில், 120 கிலோவோல்ட்டில், 5 மி.மீ. தடிமனில், மென்திசுக் கெர்னலில் (படத்தை உருவாக்கும் கணினி வடிகட்டி) எடுத்தது. அளவீட்டுக்கு இதைவிட நல்ல படம் கேட்க முடியாது. படப்பரப்பு 380 மி.மீ., 512 புள்ளிகள். ஆகவே ஒரு புள்ளி 0.742 மி.மீ., அதன் பரப்பு 0.551 சதுர மி.மீ.

மருத்துவமனையின் படக் களஞ்சியமான பேக்ஸிலிருந்து, மூல அளவுகளோடு வரும் டைகாம் கோப்பாகவே எடுக்க வேண்டும். திரையைப் படம்பிடித்தோ ஜேபெக் ஆக்கியோ கொண்டுவந்தால் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணும் போய்விடும், புள்ளி அளவும் போய்விடும். மிஞ்சுவது வெறும் சாம்பல் நிறம். கோப்பு வெளியே வருமுன் பெயர், அடையாள அட்டை எண், பிறந்த தேதி மூன்றும் கோப்பின் தலைப்பகுதியிலிருந்து நீக்கப்பட வேண்டும். கோப்பின் பெயரிலேயே அடையாள எண் ஒட்டிக்கொண்டு வருவதுதான் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது. சிகிச்சைக்காக அளப்பது வேறு, ஆராய்ச்சிக்காக அளப்பது வேறு. இரண்டாவதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும்.

ஸ்லைஸோமேட்டிக், த்ரீடி ஸ்லைசர், இமேஜ்ஜே என எந்த மென்பொருளில் செய்தாலும் வேலை ஒன்றுதான். எல்3இன் இரு குறுக்கு நீட்சிகளும் ஒருசேர முழுமையாகத் தெரியும் வெட்டைத் தேர்ந்து, வரம்பைப் போட்டு, தசையல்லாதவற்றை அழிக்க வேண்டும். இங்கே கை நிதானமாக ஓட வேண்டிய இடங்கள் உண்டு. சோயாஸை ஒட்டி ஓடும் சிறுநீர்க்குழாயும் இரத்தக்குழாய்களும் தசை வரம்புக்குள்ளேயே விழும். வயிற்றுச் சுவரில் ஒட்டிக் கிடக்கும் குடல் வளையம் தசையோடு ஒரே திட்டாகச் சேர்ந்துகொள்ளும். தோலும் அதே வரம்பில்தான். ரெக்டஸ் மெலிந்தவர்களுக்கு அது நூலாகத் தெரியும். தானியங்கி மென்பொருள் அதை விட்டுவிடும், அவசரத்தில் இருக்கும் மனிதரும் விட்டுவிடுவார்.

முதல் படத்தின் முடிவு: தசை 141.2 ச.செ.மீ., புள்ளிக் கணக்கில் சுமார் 25,600. தசைக் குறியீடு 50.0. உள்ளுறுப்புக் கொழுப்பு 168, தோலடிக் கொழுப்பு 142, தசையிடைக் கொழுப்பு 11 ச.செ.மீ.

இரண்டாம் படமும் தவறான எண்ணும்

கீமோவுக்குப் பிந்தைய படத்தை வேறொரு வாசிப்பாளர் வேறொரு நாளில் அளந்தபோது வந்தது 121.9 ச.செ.மீ., குறியீடு 43.2. எட்டு மாதத்தில் 13.7 விழுக்காடு தசை இழப்பு. அறிக்கை இப்படியே போயிருந்தால் உணவியலாளர் முதல் புற்றுநோய் மருத்துவர் வரை எல்லாரும் பதறியிருப்பார்கள். இழப்பு இருந்தது உண்மை. ஆனால் அந்த எண்ணில் கணிசமான பங்கு நோயாளியின் உடலில் நடந்தது அன்று.

முதல் பிழை மட்டம். இரண்டாம் வாசிப்பாளர் முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பிலிருந்து மேல்நோக்கி எண்ணியிருந்தார்: அதற்கு மேல் தனியாக நிற்கும் முதல் முள்ளெலும்புக் கட்டை எல்5, அடுத்தது எல்4, அதற்கடுத்தது எல்3. இந்த நோயாளிக்கு எல்5 திருவெலும்போடு ஒட்டி வளர்ந்திருந்தது. தனித்து நின்றவை நான்கே. ஆகவே அவர் எல்3 என்று அளந்தது உண்மையில் எல்2. இத்தகைய இடைநிலை முள்ளெலும்பு அபூர்வமன்று. அளக்கும் வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்வார்கள். எல்2இல் வயிற்றுச் சுவரின் தசைப் பரப்பும் சோயாஸும் சிறியவை, எனவே மொத்தமும் சிறியது.

காக்கும் வழி எளிது. மார்பும் சேர்ந்த படம் என்றால் முதல் விலா எலும்பிலிருந்து கீழ்நோக்கி எண்ணுங்கள், பிறகு திருவெலும்பிலிருந்து மேல்நோக்கி எண்ணுங்கள், இரண்டும் ஒரே கட்டையில் சந்திக்கிறதா என்று பக்கவாட்டுத் தோற்றத்தில் பாருங்கள். சந்திக்காவிட்டால் அதைக் குறிப்பில் எழுதி, மேலிருந்து வந்த எண்ணை எடுத்து, அடுத்தடுத்த எல்லாப் படங்களிலும் அதே கட்டையை அளக்க வேண்டும். எல்3 என்ற பெயரைவிட முக்கியம் இரண்டு படத்திலும் ஒரே எலும்பு என்பது. எல்3 என்று தேர்ந்த வெட்டில் இரு சிறுநீரகமும் நடுப்பகுதியோடு பெரிதாகத் தெரிந்தாலோ, பக்கச் சுவரில் விலா எலும்பின் முனை தெரிந்தாலோ சந்தேகப்பட வேண்டும். டோட்டல்செக்மென்டேட்டர் போன்ற தானியங்கிக் கருவிகள் முள்ளெலும்புகளுக்குத் தாமே பெயரிடுகின்றன. இப்படிப்பட்ட முதுகில் அவையும் ஒரு கட்டை தள்ளிப் பெயரிடலாம். கருவி தசை மேல் பூசிக் காட்டும் வண்ணத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்க்காமல் எந்த எண்ணையும் கோப்பில் ஏற்றக்கூடாது.

சரியான எல்3க்கு மாற்றியதும் 127.1 ச.செ.மீ. வந்தது.

இரண்டாம் பிழை தடிமன். வாசிப்பாளர் 1 மி.மீ. தொடரைத் திறந்திருந்தார், அதுவும் எலும்பின் விளிம்பைக் கூர்மையாக்கும் கெர்னலில். பார்க்கத் தெளிவாக இருக்கும், அளக்க உதவாது. மெல்லிய வெட்டில் இரைச்சல், அதாவது புள்ளிகளின் எண்கள் தாறுமாறாக ஏறி இறங்குவது, கூடும். தசையின் சராசரி 32, புள்ளிக்குப் புள்ளி திட்ட விலக்கம் 30 என்று வையுங்கள்: கிட்டத்தட்ட 2 விழுக்காடு புள்ளிகள் −29க்குக் கீழே விழுந்துவிடும். தசைப் படத்தில் உப்புத் தூவியதுபோல் ஓட்டைகள் தெரியும். அந்த ஓட்டைகள் தொலைந்துபோவதும் இல்லை, தசையிடைக் கொழுப்பின் கணக்கில் ஏறுகின்றன. அதாவது ஒரே இரைச்சல் தசையைக் குறைத்துக் காட்டி, கொழுப்பு ஊடுருவியதாகவும் காட்டும். இரண்டும் ஒரே திசையில் பொய் சொல்வதால் கதை நம்பும்படி இருக்கும், ஆபத்து அங்கேதான். அதே ஸ்கேனின் 5 மி.மீ. மென்திசுத் தொடர் பேக்ஸில் கிடந்தது. அதில் 129.6 ச.செ.மீ.

இமேஜ்ஜேயில் அளப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. இங்கே நடக்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இரண்டாம் படத்தின் படப்பரப்பு 400 மி.மீ., புள்ளி 0.781 மி.மீ. முந்தைய படத்தின் அளவுகோலை எல்லாப் படங்களுக்கும் பொருத்திய நிலையிலேயே விட்டிருந்தால் பரப்பு சுமார் 10 விழுக்காடு குறைந்து வரும். வேறு எந்த அறிகுறியும் தெரியாது.

திருத்திய முடிவு: தசை 129.6 ச.செ.மீ., குறியீடு 45.9. இழப்பு 8.2 விழுக்காடு, 100 நாளுக்கு 3.4 விழுக்காடு என்ற வேகத்தில். இயல்பான முதுமையில் ஓர் ஆண்டுக்கு 1 விழுக்காட்டை ஒட்டித்தான் தசை குறையும் என்பதோடு வைத்துப் பார்த்தால், இது திருத்திய பிறகும் பெரிய எண்தான். உள்ளுறுப்புக் கொழுப்பு 205, தோலடி 171, தசையிடை 15 ச.செ.மீ.

மூர்ட்சாகிஸ் வாய்பாட்டில் கொழுப்பற்ற எடை என்பது தசைப் பரப்பை 0.30ஆல் பெருக்கி 6.06 கூட்டியது; கொழுப்பெடை என்பது மொத்தக் கொழுப்புப் பரப்பை 0.042ஆல் பெருக்கி 11.2 கூட்டியது. கொழுப்பற்ற எடை 48.4 கிலோவிலிருந்து 44.9க்கு இறங்குகிறது, கொழுப்பு 24.7இலிருந்து 27.6க்கு ஏறுகிறது. மூன்றரைக் கிலோ போய் மூன்று கிலோ வந்திருக்கிறது. தராசு அரைக் கிலோவைத்தான் பார்த்தது. தனி ஒருவருக்கு இந்த வாய்பாடு கிலோக் கணக்கில் துல்லியம் தராது, திசையைச் சொல்லும். திசை இங்கே தெளிவு. குமட்டலை அடக்க ஒவ்வொரு சுற்றிலும் கொடுத்த டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, குறைந்த நடமாட்டம், மாவுச்சத்தே பெரும்பாலான உணவு, மூன்றும் அதே பக்கம் இழுப்பவை.

கீமோ அளவு உடல் மேற்பரப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இவருக்கு அது 1.86 சதுர மீட்டரிலிருந்து 1.85. தசையில் நடந்தது அந்தக் கணக்குக்குள் நுழையவே இல்லை. தசை குறைந்தவர்களுக்கு, கேப்சிடபினும் சேர்ந்த 5-எஃப்யூ வகை மருந்துகளின் நச்சு விளைவு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காகத் தசைக் குறியீட்டை மட்டும் பார்த்து மருந்தைக் குறைக்க வழிகாட்டி இல்லை, குறைக்கவும் கூடாது. பக்கவிளைவை நெருங்கிக் கவனிக்க அது ஒரு காரணம்.

தசை அடர்த்தியை, அதாவது தசைப் புள்ளிகளின் சராசரி ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணை, மட்டும் ஒப்பிடாமல் விட்டோம். இரண்டாம் படம் 100 கிலோவோல்ட்டில் எடுத்தது. குறைந்த மின்னழுத்தத்தில் அயோடின் கூடுதலாக ஒளிரும், கொழுப்பு இன்னும் கீழே இறங்கும். முன்பு 38, இப்போது 34 என்று எழுதினால் அந்த நான்கில் எவ்வளவு நோயாளியுடையது என்று பிரிக்க வழியில்லை. பரப்பு இதைச் சற்றுத் தாங்கும், அடர்த்தி தாங்காது. திசுவில் நீர் கோத்து வீங்கியிருந்தால் பரப்பும் தாங்காது: நீரின் எண் 0, அது தசை வரம்புக்குள்ளேயே இருக்கிறது. வீங்கிய தசை அகலமாகத் தெரியும். இவருக்கு வயிற்றில் நீரோ தோலடி வீக்கமோ இல்லை என்று பார்த்து எழுதினோம். நடுவயிற்றுத் தையலின் வடுத்திசுவைத் தசையிலிருந்து நீக்கினோம்.

எந்த வரம்பு

45.9 குறைவா? யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2008இல் கனடாவின் பிராடோ குழு ஆண்களுக்கு வைத்த வரம்பு 52.4, அது உடல் பருமனான புற்றுநோயாளிகளில் கண்டது. அதன்படி இவர் அறுவைக்கு முன்பே குறைவு. 2013இல் மார்ட்டின் குழு பிஎம்ஐ 25க்கு மேற்பட்ட ஆண்களுக்கு 53 என்றும், 25க்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 43 என்றும் வைத்தது. ஜப்பானியக் கல்லீரல் மருத்துவச் சங்கம் ஆண்களுக்கு 42. அதன்படி இவ்வளவு இழந்த பிறகும் இவர் போதுமான தசை உள்ளவர்.

மார்ட்டின் வரம்பைச் சிங்கப்பூரில் அப்படியே பயன்படுத்தினால் விபரீதம் ஒன்று நேரும். இவர் இன்னும் மூன்று கிலோ சொச்சம் இழந்து 70.5 கிலோவுக்கு வந்தால் பிஎம்ஐ 25க்குக் கீழே போகும். வரம்பு 53லிருந்து 43க்கு இறங்கும். மேலும் மெலிந்ததாலேயே “இயல்பு” ஆகிவிடுவார். இங்கே எடைக்கான எல்லைக்கோடுகளே 23, 27.5 என்று வேறாக வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் ஆசிய உடல்களில் அதே பிஎம்ஐக்குக் கொழுப்பு அதிகம் என்பது. இந்திய வம்சாவளியினரிடம் அது இன்னும் கூடுதல், அதுவும் வயிற்றுக்குள். கனடாவில் கண்ட கோட்டை இங்குள்ள தமிழர் மேல் வைத்து முத்திரை குத்துவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அறிக்கையில் முத்திரையை விட்டுவிட்டு, அவரை அவரோடே ஒப்பிட்ட மாற்றத்தையும் அளவீட்டுப் பிழையின் எல்லையையும் எழுதினோம். ஒரே வாசிப்பாளர் இருமுறை அளந்தால் 2 விழுக்காட்டுக்குள் வர வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் கோடு. 8.2 அதைவிட வெகு தூரம்.

வலிமையும் பார்க்கப்பட்டது. 2019இன் ஆசிய தசைநலிவுப் பணிக்குழு ஆண்களுக்குக் கைப்பிடி வலிமை 28 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்கிறது, இவருக்கு 26. ஆனால் ஆக்சாலிபிளாட்டின் விரல் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும், கேப்சிடபின் உள்ளங்கைத் தோலை உரித்து வலிக்கவைக்கும். அந்த 26இல் எத்தனை தசை, எத்தனை நரம்பு, எத்தனை வலி என்று கருவி சொல்லாது. அதனால் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரும் சோதனையைச் சேர்த்தோம்: 13.5 நொடி. 12 நொடிக்கு மேல் என்றால் குறைவு. இதில் கையின் பங்கு இல்லை, மேம்பாலத்துக் கதையோடும் ஒத்துப்போகிறது.

செய்தது

உணவியலாளர் ஒரு நாள் உணவை எழுதிக் கேட்டார். காலை இரண்டு தோசை, தேங்காய்ச் சட்டினி, காப்பி. மதியம் சோறு, சாம்பார், பொரியல், அப்பளம். இரவு சப்பாத்தி, உருளைக்கிழங்குக் குழம்பு. வெள்ளிக்கிழமை சைவம். வயிறு நிறைந்தது, ஆனால் நாள் முழுவதும் புரதம் 45 கிராமைத் தாண்டவில்லை. ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென் புற்றுநோயாளிகளுக்குக் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை என்கிறது. இவருக்கு அது 74 முதல் 110 கிராம். மீன் ஏன் குறைந்தது என்று கேட்டதும் மனைவி சொன்னார்: கீமோ நாட்களில் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்ததாம், ஈரச்சந்தைக்குப் போய் மீன் பொறுக்குவதையும் குளிர்பெட்டியைத் திறப்பதையும் கணவர் விட்டுவிட்டார். வீட்டில் சமையல் அவர் கையில் இருந்திருக்கிறது.

“அங்கிள், சாப்பாட்டைக் கூட்ட வேணாம். தட்டுல இருக்கறத மாத்துனா போதும்” என்றுதான் பேச்சு தொடங்கியது. காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக ஒரு கிண்ணம். மதியம் 100 கிராம் மீன், சுமார் 20 கிராம். வெள்ளிக்கிழமை அதற்குப் பதில் சோயாவில் செய்த கெட்டித் தௌஹூ. வெதுவெதுப்பான பால் இரண்டு வேளை, 16 கிராம். உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் கொண்டைக்கடலை. சர்க்கரை நோய் இல்லை, சிறுநீரகச் செயல்பாடு இயல்பு என்று இரத்தப் பரிசோதனையில் பார்த்த பிறகே இவ்வளவு புரதம். இயன்முறை மருத்துவர் வாரம் மூன்று நாள் எதிர்ப்புப் பயிற்சி கொடுத்தார்: நாற்காலியில் எழுந்து உட்காருவது, ரப்பர்ப் பட்டை இழுப்பது, படிக்கட்டு. உள்ளங்கால் மரத்திருப்பதால் ஒரு கை எப்போதும் கைப்பிடியில். நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று குடும்பம் நினைத்தது. கரைந்த தசை நடையால் மட்டும் திரும்பாது.

அடுத்த கண்காணிப்புப் படம், 5 மி.மீ. தொடர், போர்ட்டல் சிரைக் கட்டம், அதே முள்ளெலும்பு: 135.0 ச.செ.மீ., குறியீடு 47.8, உள்ளுறுப்புக் கொழுப்பு 181. எடை 73.1. நாற்காலிச் சோதனை 11 நொடி. தோலடி வீக்கமும் இல்லை, இரத்த அல்புமினும் இயல்பு என்பதால் கூடிய 5.4 ச.செ.மீட்டரைத் தசை என்று எழுத முடிந்தது. கோப்பின் முதல் வரியில் இப்போது இருப்பது: “எல்5 திருவெலும்போடு ஒட்டியது. மேலிருந்து எண்ணவும். 5 மி.மீ. மென்திசுத் தொடர் மட்டும். உயரம் 168, அளந்தது.”